தென்னைக்குத் துக்கம் கேட்ட நாள்

நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் நாலு வார்த்தை கேட்பது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

தஞ்சாவூரில் ஓர் அரசு மருத்துவமனையில் உளவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிகிச்சை முறைகளை உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன, என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றி மட்டுமே.

உளவியலின் வரலாறு என்று ஒரு தாள் எழுதித் தேறியிருப்பீர்கள். தேறியதும் மறந்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் மறந்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் அந்த வரலாறு எனக்குத் தேவைப்பட்டது. நாம் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொந்த ஊர் இருக்கிறது. அறிவுத்திறன் சோதனைகள் வேறு நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பிரிக்கப் பிறந்து, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதில் வளர்ந்தவை. உளப்பகுப்பாய்வு என்பது ஐரோப்பிய நகரங்களில் வசதியான வீட்டு மனிதர்களைப் படுக்க வைத்துப் பேசவிட்டதில் உருவானது. இன்று நாம் பார்க்கிற மாதிரியான மனநல மருத்துவமனைகள் கம்பெனிக்காரர்களோடு கப்பலில் வந்தவை, அதுவும் முதலில் அவர்களுடைய ஆட்களுக்காக. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் மனம் கலங்கியவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். கோயிலில் கிடந்தார்கள், தர்காவில் கிடந்தார்கள். சிலரை வீட்டார் சோறு போட்டு வைத்துக்கொண்டார்கள், சிலரைச் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில், கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு நான் சோதனை வைத்தேன். படம் பார்த்துச் சொல்ல வேண்டும். படத்தில் ஒருவர் தன் வீட்டு வாசலில் விழுந்த பனியை வாரிக்கொண்டிருந்தார். "உப்பு அள்ளுறாங்க" என்றாள் சிறுமி. அவள் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். கையேட்டின்படி அது தப்பு. அப்போதைய தலைமை மருத்துவரிடம் போய் என்ன போடுவது என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "தப்புன்னு போடும்மா, விதி விதிதான். ஆனா கீழ ஒரு வரி எழுது, தப்பு படத்துல இருக்குன்னு" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பயிற்சியிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உப்பும் பனியும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒரு மனிதரின் உயிர் இதே இடத்தில் வந்து நின்றதை இப்போது சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. எந்தப் புயல் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரத்தநாட்டைத் தாண்டிய கிராமங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. நெல்லாவது அடுத்த போகத்தில் திரும்ப வரும். தென்னை அப்படி இல்லை. அது ஒரு ஆள் தன் வாலிபத்தைப் போட்டு வளர்ப்பது.

மக்களுக்கு மனநல ஆலோசனை வழங்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. அதன் பொறுப்பாளர் ரம்யா என்ற இளம் உளவியலாளர். கெட்டிக்காரி, உழைப்பாளி. கரண்டு இல்லாத ஊரில் கொசுக்கடியில் படுத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் வேலை பார்த்தவள். உள்ளூர் ஆள் என்று என்னை அவளோடு சேர்த்துவிட்டார்கள். நான் வேறு ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தக் கிராமத்தில் முதல் கூட்டத்தை அவளே நடத்தினாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்திருக்கிறாள். புயல் அன்று என்ன நடந்தது, எந்த நிமிடம் மிகவும் மோசமாக இருந்தது, இப்போது மனதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இந்த முறைக்கும் சொந்த ஊர் உண்டு. தீயணைப்பு வீரர்கள், போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்கள், இப்படி ஒன்றாக வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்காக வெளிநாட்டில் உருவானது. அங்கேயே பிறகு இதனால் பலன் உண்டா என்று சந்தேகப்பட்டார்கள். அது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வட்டத்தில் உட்கார்ந்த சிப்பாய்களில் யாரும் யாருக்கும் சம்பந்தி இல்லை. இது யாருக்கும் தோன்றவில்லை.

கோவிந்தராசு என்ற விவசாயி அந்த வட்டத்தில் இருந்தார். அறுபது வயதை நெருங்கியவர், தோப்பு மொத்தமும் போய்விட்டது. அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து ஊர்க்காரர், இரண்டு ஊருக்கும் சேர்த்துக் கூட்டம் என்பதால் அவரும் அன்று அதே வட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்தார். கோவிந்தராசுவின் முறை வந்தது. மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று ரம்யா அன்பாகத்தான் கேட்டாள். அவரும் சொல்லிவிட்டார். "எல்லாம் போச்சுங்க. இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

பெண்ணைப் பெற்றவர் சம்பந்தியின் முகத்துக்கு எதிரே, ஊர் பார்க்க, கல்யாணத்துக்கு முன்னால் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அதுதான். எதிரே இருந்தவர் தன் முறை வந்தபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சில நாளில் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று செய்தி.

அதே கூட்டத்தின் முடிவில் கேள்வித்தாளும் கொடுத்திருக்கிறார்கள். சோகமாக இருக்கிறீர்களா? இல்லீங்க. எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? இல்லீங்க. நம்பிக்கை இழந்ததுபோல? இல்லவே இல்லீங்க. வாயை விட்டதும் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துச் சூடுபட்டவர், மறுபடி எப்படி விடுவார்? கணக்கின்படி அந்த ஊரிலேயே ஆபத்தில்லாத மனிதர் அவர்தான்.

கோவிந்தராசு சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அந்த ஊர்ச் செவிலியர்தான் எனக்குப் போன் செய்தார். நம் வண்டியில் மனநலம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும், உங்களுக்குத் தெரியும். அது கோவிந்தராசுவின் வாசலில் நின்றால் வைகாசிக்குத் தள்ளிய கல்யாணம் ஒரேயடியாக நின்றுபோகும். வண்டியை மெயின்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, நானும் ரம்யாவும் நடந்து போனோம்.

கோவிந்தராசுவின் மனைவி மீனாட்சி எங்களைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய்ப் பேசினார்.

"சோறு இறங்கலம்மா. ரெண்டு வாய் வைக்கிறாங்க, எந்திரிச்சுடுறாங்க. தூக்கமும் இல்ல. எந்நேரமும் தோப்புலயே போயி உக்காந்திருக்காங்க. மரம் அறுக்க மெஷின்காரன் வந்தான், தொடாதன்னு வெரட்டி விட்டுட்டாங்க. எழவு வீடு மாதிரி கெடக்கு."

"ஒறமொற யாரும் வந்து பேசுறாங்களா?"

"யாரும்மா வருவா? வர்றவங்க எல்லாம் நிவாரணத்துக்கு மரத்த எண்ணிக்கிட்டுப் போறவங்கதான். பங்காளி ஊட்டுலயும் இதே கதி. அவங்கவங்க எழவு அவங்கவங்களுக்கு."

தோப்புக்குப் போனோம். விழுந்த ஒரு மரத்தின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, சோறு, தூக்கம், நெஞ்சடைப்பு என்று உடம்பைப் பற்றியே கொஞ்ச நேரம் விசாரித்தேன். பிறகு நேரடியாகக் கேட்டேன். இந்த இடத்தில் சுற்றி வளைக்காதீர்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள், அப்படி வராது. கேட்காமல் விட்டால்தான் அந்த ஆள் அதோடு தனியாக இருப்பார்.

"அய்யா, மறைக்காம சொல்லணும். செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அவர் தான் உட்கார்ந்திருந்த மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தோணுதும்மா. எந்திரிச்சதுலேருந்து அதான் தோணுது. பொண்ணு ஒருத்தி இருக்காளேன்னு பாக்குறேன். அவ வாழ்க்கையையும் நானே என் வாயால கெடுத்துப்புட்டேன்."

எனக்குப் பயமாக இருந்தது. அனுபவம் வந்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

தலைமை மருத்துவருக்குப் போன் செய்தேன். உடனே கொண்டுவந்து சேர்த்துவிடு என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ரம்யாவும் அதையே சொன்னாள், கூடவே தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் அந்த எண்ணத்தைப் பேசிப்பேசி மாற்ற வேண்டும் என்றாள். அந்த எண்ணம் அவர் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால் மாற்றியிருக்கலாம். அது ஊருக்குள் இருந்தது, சம்பந்தி வீட்டில் இருந்தது. வார்டில் படுக்க வைத்தால் உயிர் பத்திரமாக இருக்கும், ஆனால் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி அவர் எதற்குப் பயந்தாரோ அது அன்றைக்கே நடந்துவிடும்.

தலைமை மருத்துவரிடம் சில நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, மீனாட்சியையும் அவர் தம்பியையும் உட்கார வைத்துப் பேசினேன். வீட்டில் இருந்த பூச்சிமருந்து அத்தனையும் அப்போதே தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். இனி அவர் தனியாக எங்கும் இருக்கக்கூடாது, தோப்புக்குப் போனாலும் கூட ஒரு ஆள் வேண்டும். அன்று மாலையே ஒரத்தநாட்டுப் பொது மருத்துவமனையில் எங்கள் மருத்துவர் வந்து, தூக்கம் வரவில்லை என்ற பேரில் அவரைப் பார்த்து மாத்திரை கொடுப்பார். இதில் ஒன்று தவறினாலும் வண்டி வாசலுக்கு வரும் என்றேன். "கல்யாணம் நின்னா இன்னொரு கல்யாணம் பேசலாம். ஆளு போனா யாரைப் போயிக் கூட்டியாருவீங்க?" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். இருவரும் சொன்னபடி செய்தார்கள். மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். தூக்கம் கொஞ்சம் வந்தது, சோறு மட்டும் இறங்கவில்லை.

மீனாட்சி சொன்ன ஒரு வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எழவு வீடு மாதிரி என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் எழவு வீட்டில் என்ன நடக்கும்? நாலு பேர் துக்கம் கேட்க வருவார்கள். எப்படி ஆச்சு என்று கேட்பார்கள், வீட்டுக்காரர் சொல்வார். அடுத்தவர் வந்து அதையே கேட்பார், அவருக்கும் சொல்வார். எத்தனையோ முறை சொன்ன பிறகுதான் நடந்தது நிஜம் என்று அவருக்கே உறைக்கும். வரவேண்டியவர்கள் வந்து சேரும்வரை உடலை எடுக்க மாட்டார்கள். இவரும் யாரையும் மரத்தைத் தொட விடவில்லை. காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. துக்கம் கேட்க இந்த மனிதரிடம் ஒருவர்கூட வரவில்லை. ஒரு வீட்டில் எழவு விழுந்தால் மற்ற வீட்டார் வரலாம், ஊர் முழுக்க விழுந்தால் யார் யாரிடம் போவது? தங்கள் வீட்டில் எழவு விழாமல் அங்கே போய் நிற்க முடிந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள்தான். நாங்களோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுபடி போய் அவரிடமே கேட்டேன்.

"அய்யா, மரத்த எத்தன நாளைக்கு இப்படியே போட்டு வைக்கிறது? அறுக்குறதுக்கு முன்னாடி நாலு பேரு வந்து பாத்துட்டுப் போகட்டுமே."

"யாரு வருவா?"

"நாங்க வர்றோம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"சம்பந்திக்குச் சொல்லலாமா?" என்றேன்.

"நீங்க போயிப் பேசக்கூடாதும்மா. கெஞ்சுற மாதிரி ஆயிடும்." பிறகு அவரே வழி சொன்னார். "மரத்த அறுக்கப் போறோம்னு மட்டும் ஆளு போயிச் சொல்லட்டும். வர்றதும் வராததும் அவரு இஷ்டம்."

சாவுச் செய்தியையும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். வாருங்கள் என்று அழைக்க மாட்டார்கள், செய்தியை மட்டும் சொல்வார்கள். மீனாட்சியின் தம்பி போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

மரம் அறுக்கக் குறித்த நாளில் காலையிலேயே போய்விட்டோம். நோட்டு, பேனா எதுவும் வேண்டாம் என்று ரம்யாவிடம் சொல்லியிருந்தேன். வண்டி மெயின்ரோட்டில் டிரைவரோடு தயாராக நின்றது. இந்த முடிவு தப்பாகப் போனால் அடுத்த நிமிடம் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்புவது என்று தீர்மானித்திருந்தேன். சம்பந்தி வராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்குக் கடைசிவரை இருந்தது. வராமல் போவது என்பதும் ஊர் பார்க்கச் சொல்லும் ஒரு பதில்தான்.

நான் மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "இது எப்ப வச்ச மரம்ங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். இது மகள் பிறந்த வருஷம் வைத்தது. அது அவர் அப்பா கையால் வைத்தது, அந்த வரிசையிலேயே இளநீருக்கு ருசியான மரம். ஒரு கோடையில் ஆறும் வறண்டு போர்செட்டும் தூர்ந்தபோது இந்த ஒரு வரிசைக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாராம். பங்காளிகள் சிலர் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர்கள் கேட்க, திரும்பவும் சொன்னார். ரம்யா கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. மெஷின்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். சம்பந்தியைக் காணோம். கோவிந்தராசு பேச்சைக் குறைத்துவிட்டு வழியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் டிரைவருக்குப் போன் செய்து, வண்டியை ஊர் எல்லைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

அப்போது வாய்க்கால் மேட்டில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. இறங்கியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்து வந்தார். எதிரே வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். கோவிந்தராசு அந்தக் கைகளைத் தொட்டார். வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. வந்தவரும் யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை.

ரம்யா என் காதருகே குனிந்தாள். "மேடம், வாங்கன்னுகூட யாரும் சொல்லலையே. கோவமா இருக்காங்களா?"

"எழவு வீட்டுல வாங்கன்னு சொல்ல மாட்டாங்கம்மா. பேசாம இரு."

சம்பந்தி மரத்தின் மேல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எந்தோப்புலயும் ஒண்ணு நிக்கலைங்க. அன்னிக்கு நீங்க வாயத் தொறந்து சொல்லிட்டீங்க. நான் மாப்ள ஊட்டுக்காரன், எனக்கு வாய் வரல. எதை வச்சு மருமகளக் கூட்டியாந்து சோறு போடுவேன்னு வெட்கமாப் போச்சு. அதான் வைகாசின்னு சொல்லி விட்டேன். உங்கள வேணாம்னு சொல்லலைங்க."

கோவிந்தராசு அவரையே பார்த்தார். பிறகு வாய்விட்டு அழுதார். சம்பந்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். இத்தனை வருட சர்வீஸில் நோயாளிகள் முன் அழக்கூடாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள் நான். அன்று புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்த கோவிந்தராசு, ஓரமாக இருந்த மெஷின்காரர்களிடம் திரும்பினார்.

"வடகோடியிலேருந்து ஆரம்பிங்க தம்பி."

மெஷின் சத்தம் எழுந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு மனைவியைத் தேடினார்.

"சாப்புட என்ன இருக்கு?"

மீனாட்சி ஓடி வந்தார். "பழையதுதாங்க இருக்கு" என்றார்.

"அதக் கொண்டா. ரெண்டு பேருக்கும் ஊத்து."